நாலில் நின்ற எண்ணிக்கை

இன்று காலை ஈரப் பனியன் துணியில் ஆவி பட்டு எழுந்த வாசம் மூக்கில் ஏறியதும் என் வலது தோள் தானாக இறங்கியது. நீங்கள் போய் ஏழு மாதமாகிறது, அண்ணே. நீங்கள் சொல்லிவைத்ததை என் தோள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது. என்னை மட்டும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

நீங்கள் செக்கிங் சூப்பர்வைசர், நான் அயர்ன் மாஸ்டர், ஒரே பனியன் கம்பெனி. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த எனக்கு இந்த ஊரில் வாய்த்த ஒரே சிநேகிதர் நீங்கள்தான். திடீரென்று வேலையை விட்டீர்கள். அறிதுயில் சிகிச்சை, அதாவது ஹிப்னாடிசம், படித்துவந்து, சாமளாபுரத்தில் உங்கள் வீட்டு மாடியில் போர்டு மாட்டினீர்கள். "துணியில ஓட்டை பாத்தது போதாதுன்னு இனி மனுசன் மண்டையில பாக்கப் போறீகளாண்ணே?" என்று முதலில் கேலி செய்தவன் நான்தான்.

அந்த வாய்க்கொழுப்புக்குச் சீக்கிரமே பதில் கிடைத்தது. ஸ்டீம் பைப் பிளந்து என் வலது கை வெந்துபோனது. தோல் ஆறியது, வலி ஆறவில்லை. காயம் சுத்தமாக இருக்கிறது, மாத்திரையோடு மனதுக்கும் ஏதாவது பாருங்கள் என்றார் டாக்டர். அயர்ன் பெட்டியைத் தொட்டாலே விரல்கள் மடங்க மறுத்தன. தொழில் போய்விடுமோ என்ற பயத்தில் வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். பொறுக்கமாட்டாமல் பெண்டாட்டிதான் என்னை உங்கள் மாடிக்குத் தள்ளிவிட்டாள்.

"இது மந்திரமில்லீங்க மாஸ்டர். நீங்க தூங்கப் போறதும் இல்லீங்க. டாக்டர் குடுத்த மாத்திரைய நிறுத்திப் போடாதீங்க" என்றீர்கள். தெரு முழுக்க விசைத்தறிச் சத்தம். அதையே கேட்கச் சொன்னீர்கள். தறியின் ஒவ்வொரு அடிக்கும் ஒரு படி இறங்குவதாக நினைக்கச் சொன்னீர்கள். இறங்கினேன். "உஸ்ஸுன்னு ஆவி வர்றப்பல்லாம் தோள் இறங்கும், கை குளுந்து போகும்" என்றீர்கள். பிறகு ஒன்றிலிருந்து எண்ணி, அஞ்சு என்னும்போது கண்ணைத் திறக்கச் சொன்னீர்கள்.

ஒன்று மட்டும் நம் இருவருக்கும் உறைக்கவில்லை. என் செக்‌ஷனில் பன்னிரண்டு மேசை. எவன் பெட்டியை அழுத்தினாலும் உஸ். மறுநாள் முழுக்க என் தோள் இறங்கி இறங்கி, சீக்குக் கோழி மாதிரி நின்றேன். விஷயத்தைச் சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். "உங்க மேசை ஆவிக்கு மட்டும்னு மாத்திப் போடலாமுங்க." மாறியது. சில வாரங்களில் வலி முழுதாகப் போகாவிட்டாலும் பெட்டியைப் பிடிக்க முடிந்தது, படுத்தால் தூக்கம் வந்தது, வீட்டில் என் சத்தமும் குறைந்தது.

கடைசி ஞாயிறன்று நாலு என்று சொல்லிவிட்டு நிறுத்திவிட்டீர்கள். தறிச் சத்தம் மட்டும் கேட்டது. வெகுநேரம் பொறுத்து நானாகக் கண்ணைத் திறந்தேன். நீங்கள் ஜன்னலோரம் நெஞ்சைத் தடவிக்கொண்டு நின்றிருந்தீர்கள். "வாயுப் புடிப்புங்க. அதான் முழிச்சுட்டீங்களே, மிச்சம் ஒண்ண அடுத்த வாரம் எண்ணிக்கலாம்." ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றேன். தலையாட்டினீர்கள். வியாழக்கிழமை உங்கள் சாவுச் செய்தி வந்தது. அன்றே கையைப் பிடித்து இழுத்துப் போயிருக்க வேண்டும். உங்கள் மேலும் என் மேலும் அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

அதற்குப் பிறகுதான் அது ஆரம்பித்தது. என் மேசையில் ஆவி வந்தால் காதுக்குப் பின்னால் உங்கள் குரல் கேட்கும். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. அங்கே நின்றுவிடும். திரும்பினால் யாரும் இருக்கமாட்டார்கள். அன்று நான் திறந்தது கண்ணை மட்டும்தானோ, இன்னும் அந்த மாடி நாற்காலியிலேயே கிடக்கிறேனோ என்று சந்தேகம் வரும். அஞ்சு என்று சொன்னால் நீங்கள் வைத்துப்போன குளிர்ச்சி கலைந்து வலி திரும்பிவிடும் என்று நம்பினேன். அதனால் அஞ்சை வாயில் எடுக்காமலே இருந்தேன். இந்த வாரம் பீஸ் எண்ணி அடுக்கும் வேலையும் என்னிடம் வந்தபோது நாலிலிருந்து ஆறுக்குத் தாவினேன். பத்து வைக்க வேண்டிய கட்டுகளில் ஒன்பதுதான் இருந்தது.

இன்று பேக்கிங்கில் வேலை செய்யும் ஒடிசாப் பெண் என் மேசைக்கே வந்துவிட்டாள். "மாஸ்டர், எல்லாக் கட்டும் ஒண்ணு கம்மி" என்று சொல்லி, என் முன்னாலேயே ஒரு கட்டைப் பிரித்து இந்தியில் எண்ணினாள். ஏக், தோ, தீன், சார். என் பெட்டி உஸ் என்றது. அவள் குரலுக்கு அடியில் உங்கள் குரலும் எண்ணிக்கொண்டு வந்தது. நாலில் நின்றது. அவள் நிற்கவில்லை. "பாஞ்ச்" என்றாள். அஞ்சு.

என் கண் திறந்தது. அதுவரை மூடியிருந்ததே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "நின்னுட்டே தூங்குறீங்களா மாஸ்டர்?" என்று கேட்டுவிட்டு அவள் மிச்சத்தை எண்ணினாள்.

பெட்டி கையில் இருந்தது. வலிக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. மறுபடி அழுத்தினேன். தோள் இறங்கியது, கை குளிர்ந்தது. உங்கள் குரல் மட்டும் வரவில்லை. திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தேன். வெறும் ஆவிதான் வந்தது.

வலி ஒரு சாக்கு, அண்ணே. நாலோடு நிறுத்தினால் நீங்கள் என் பக்கத்திலேயே நிற்பீர்கள் என்றுதான் அஞ்சைச் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறேன். ஆவிக்கு நடுவில் அழுதால் யாருக்கும் தெரியாது. அழுதேன். பிறகு எல்லாக் கட்டுகளையும் பிரித்து, நீங்கள் கொடுத்த குளிர்ந்த கையால் முதலிலிருந்து எண்ணினேன். ஒவ்வொரு அஞ்சுக்கும் ஒரு தரம் திரும்பிப் பார்த்தேன்.