எம்.டி. குரலில் நான்

10 அக்டோபர், புதன்

விடாத தூறல். நல்லூர் ஸ்டாப்பில் எந்த பஸ்ஸிலும் கால் வைக்க இடமில்லை. பக்கத்து சீட் கார்த்தியின் பைக்கில் ஆபீஸ். பேன்ட் முட்டி வரை சேறு.

நேவி ப்ளூ துணி மறுபடி ரிஜெக்ட். ஷேடு ஒத்துவரவில்லை. டையிங்காரர் இன்னொரு முறை சாயம் போட வேண்டும். 22-ஆம் தேதி சரக்கு தூத்துக்குடிக்குக் கிளம்புவதாகப் பேச்சு. துணியே வரவில்லை, சரக்கு எங்கே.

மதியம் பெங்களூர் மாலதி மேடம் போன். எங்கள் உடுப்பை வாங்கும் வெளிநாட்டுப் பையர் சார்பில் எங்களை விரட்டுகிறவர். எம்.டி.யே எடுத்தார். "ஒண்ணும் வெசனப்படாதீங்க மேடம். கட்டிங் முடிஞ்சு தையல் ஓடிட்டிருக்குதுங்க." எந்தத் துணியில் என்று எனக்குத் தெரியவில்லை. போனை வைத்துவிட்டு என்னிடம்: "ஸ்டீபன், கப்பல் தப்பி சரக்கு ஏர்ல போச்சுன்னா உங்க சீட்டும் அதுலயே போயிரும் கண்ணு." விமானத்தில் அனுப்பினால் செலவு கம்பெனி தலையில். போன வருடம் அப்படித்தான் சிவாவை வேலையை விட்டு அனுப்பினார்கள். சும்மா மிரட்டல் இல்லை.

மெர்ச்சண்டைசர் என்பது விசிட்டிங் கார்டில் பார்க்க நன்றாக இருக்கிறது. மூன்று வருடமாக நான் செய்வது, தமிழில் சொன்ன பொய்யை இங்கிலீஷில் டைப் அடிப்பது.

வாங்க வேண்டியது: தைலம், ஜெபாவுக்கு குடை, கொசுவர்த்தி.

12 அக்., வெள்ளி

சீட்டு போகிற விஷயம் ஜெபாவிடம் சொன்னேன். "போனா போவுது. திசையன்விளைல எங்கப்பா கடை இருக்குல்லா." மாமனார் கடையில் அரிசி நிறுக்கும் மருமகன். மாமனார் நல்ல மனுஷன்தான், ஆனால் தினமும் பார்க்க முடியாது.

ஆயுத பூஜைக்கு ஆபீஸ் ஸ்டாஃப் ஏதாவது நிகழ்ச்சி தர வேண்டும். வருடா வருடம் பாட்டு. இந்த முறை காமெடிப் படம் எடுக்கலாம் என்றான் கார்த்தி. அவன் மச்சான் கல்யாண வீடியோக்காரர், கேமரா ஓசி. வெறுத்துப்போன மூன்று ஆபீஸ்காரர்களின் கதை. பெயர் "லாரி கெளம்பிருச்சுங்க". எம்.டி. வேஷம் எனக்கு, ஸ்டாஃபில் ஒருவனும் நானே. அவர் குரல் எனக்கு அப்படியே வரும். தெக்கத்திக்காரன் வாயில் எப்படி ஒட்டியது என்று தெரியவில்லை. தினமும் எட்டு மணி நேரம் கேட்டால் யாருக்கும் ஒட்டும்.

14 அக்., ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. ஜெபாவுக்குக் கோபம். காலை ஒன்பது முதல் ஷூட்டிங், பேக்கிங் செக்ஷனில்.

டாகுமென்ட் பார்க்கும் கோமதி அக்கா பையராக. வீட்டுக்காரரின் கூலிங் கிளாஸ், அது மூக்கில் நிற்கவே இல்லை. கதைப்படி முதலாளி போனில் "லாரி கெளம்பிருச்சுங்க" என்றே சொல்லிக்கொண்டிருப்பார். ஒருநாள் பையர் நேரில் வந்து லாரியைக் காட்டு என்பார். கடைசியில் ஸ்டாஃப் மூன்று பேரும் நெற்றியில் "இஸ்திரி போடக்கூடாது" லேபிள் ஒட்டிக்கொண்டு அட்டைப்பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்து, டேப் போட்டுக்கொள்வார்கள். கார்த்தியின் வசனம்: "நாமளாச்சும் சொன்ன தேதிக்குப் போய்ச் சேருவமுங்க."

பெட்டிக்குள் சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது. இந்த கம்பெனியில் நான் இப்படிச் சிரித்ததே இல்லை.

19 அக்., வெள்ளி

மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை கொடுத்து, சாயங்காலம் படம். பதினாலு நிமிடம்.

டெய்லர்கள் விசில். பீகார்ப் பையன்களுக்குப் பாஷை புரியாமலே சிரிப்பு. எம்.டி. சம்சாரம் சிரித்ததில் பொரித் தட்டு கவிழ்ந்தது. "ஏனுங்க, உங்களாட்டவே பேசுதுங்க அந்தத் தம்பி!" எம்.டி. சிரிக்கவில்லை. படம் முடிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காருக்குப் போய்விட்டார்.

கோமதி அக்கா: "ஸ்டீபன், நமக்கு இது தேவைங்களா?"

21 அக்., ஞாயிறு

ரெண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. துணியும் வரவில்லை, படமும் எடுத்தாயிற்று. இரண்டில் எதற்காக அனுப்புவார் என்பதுதான் கேள்வி. ஜெபா: "கஞ்சியாவது குடிங்க. மூஞ்சியப் பாக்க சகிக்கல." குடித்தேன். சர்ச்சில் முன் பெஞ்ச்.

22 அக்., திங்கள்



பத்தரைக்கு கேபினுக்குள் கூப்பிட்டார்கள். எம்.டி. கழுத்தில் மஃப்ளர். மழையில் நனைந்து தொண்டை சுத்தமாகக் கட்டிவிட்டது, காற்றுதான் வருகிறது. வேலை போச்சு என்று நின்றேன். காகிதத்தில் எழுதி நீட்டினார்: "மாலதி போன் வரும். நீங்க நானா பேசுங்க. லாரி கெளம்பிருச்சுன்னு சொல்லுங்க."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. நிஜமாகத்தான் கேட்கிறார்.

போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார். "வணக்கமுங்க மேடம்" என்றேன். மாலதி மேடத்துக்குச் சந்தேகமே வரவில்லை. "சார், சரக்கு?" "ஒண்ணும் வெசனப்படாதீங்க, லாரி கெளம்பிருச்சுங்க." ஷூட்டிங்கில் சொன்னதைவிட நன்றாகவே வந்தது. "ரொம்ப சந்தோஷம். லாரி நம்பர் சொல்லுங்க."

எம்.டி. அவசரமாகக் கிறுக்கி நீட்டினார். அவர் காரின் நம்பர்.

அந்தக் காகிதத்தை மேஜையில் கவிழ்த்து வைத்தேன். இதைப் படித்தால் நாளைக்கு டிரைவர் நம்பர் கேட்பார்கள், அதற்கும் யாரையாவது உண்டாக்க வேண்டும். அலுத்துப்போனது. அவர் குரலிலேயே சொல்லிவிட்டேன்: "மேடம், லாரி இல்லீங்க. துணி இன்னும் டையிங்ல கெடக்குது. ஷேடு ரெண்டு தடவை ரிஜெக்ட் ஆயிருச்சு. சரக்கு குடுக்க முழுசா பத்து நாள் ஆகுமுங்க."

எம்.டி. நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். கத்தத்தான் பார்த்தார், குரல் இல்லை.

அந்தப் பக்கம் பேப்பர் புரட்டுகிற சத்தம். பிறகு: "சார், நீங்கதானே பேசறது?"

"ஆமாங்க."

"உங்ககிட்ட நான் தேதி கேக்காம நீங்களா ஒரு தேதி சொன்னது இதான் முதல் தடவை. இருங்க. அடுத்த கப்பல்ல இடம் இருக்கான்னு பையர்கிட்ட கேட்டுச் சொல்றேன்."

வைத்துவிட்டார். எம்.டி. என்னை ஒரு பார்வை. கதவைக் காட்டினார்.

23 அக்., செவ்வாய்

மாலதி மேடத்தின் பதில் இன்னும் வரவில்லை. டிராயரைக் காலி செய்து பையில் வைத்தேன்: கால்குலேட்டர், ஜெபா போட்டோ, ஸ்வெட்டர். கார்த்தி, "எனக்கும் திசையன்விளைல ஒரு தராசு பாத்து வைங்க" என்றான்.

24 அக்., புதன்

பன்னிரண்டு மணிக்கு மெயில். அடுத்த கப்பல், ஒன்பது நாள் கழித்து. ஏர் வேண்டாம். பையர் ஒத்துக்கொண்டாராம். தினமும் எத்தனை ரோல் துணி வந்தது என்று மட்டும் போனில் சொல்ல வேண்டும்.

பிரின்ட் எடுத்து எம்.டி. மேஜையில் வைத்தேன். இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காகிதத்தில்: "சாப்ட்டீங்களா?" மூன்று வருடத்தில் முதல் தடவை கேட்கிறார். இல்லை என்றேன். பையைக் காட்டி, சாமானைத் திரும்ப டிராயரில் வைக்கும்படி சைகை செய்தார்.

மெஸ்ஸில் மூன்று பரோட்டா. ஜெபாவுக்கு போன் செய்து அழுதுவிட்டேன். பரோட்டாக் கடையில் நின்று அழுகிறவனை யாரும் பார்க்கக்கூட இல்லை. அப்பாடா.

25 அக்., வியாழன்

வெயில். எம்.டி.க்குக் குரல் பாதி திரும்பிவிட்டது, தகரத்தைத் தேய்த்த மாதிரி. பதினோரு மணிக்கு மாலதி மேடம். அவரே எடுத்தார். "வணக்கமுங்க மேடம்." ரிசீவரைக் கையால் பொத்தினார்.

"ஸ்டீபன், நேத்து எத்தன ரோலுங்க வந்துச்சு?"

"பதினேழுங்க சார்."

கையை எடுத்தார். "இருவதுங்க மேடம்."

என்னைப் பார்த்தார்.

"இல்லீங்க மேடம், பதினேழு."