முழு ஃபைலையும் கொடுத்துவிட்டேன்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது,

இங்கே நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதற்கு மேல் கூட்டிச் சொன்னால் பொய்யாகிவிடும். நீயாவது அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் நினைப்பேன். நீயோ உன் கடிதத்தில், காலையில் எழுந்திருக்கவே முடியவில்லை, தலை வாரக்கூடப் பிடிக்கவில்லை, நாலு நாள் லீவு போட்டதற்கு ஆபீஸில் டாக்டர் சர்டிபிகேட் கேட்கிறார்கள், காய்ச்சலா தலைவலியா, டாக்டரிடம் போய் நான் என்னவென்று சொல்வது, எல்லாம் என் சோம்பேறித்தனம் என்று எழுதியிருக்கிறாய். அது சோம்பேறித்தனம் இல்லையடி. உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பாய். இருபத்திரண்டு வருடமாக அதோடுதான் குடித்தனம் நடத்துகிறேன், எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்.

அப்பா தினமும் காலையில் போட்டுக்கொள்வது வாயு மாத்திரை இல்லை, மனச்சோர்வுக்கான மாத்திரை. பிள்ளைக்குத் தெரியவே கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். இப்போதும் அவரைக் கேட்காமல்தான் எழுதுகிறேன். ஏற்கெனவே ஒரு முறை கேட்காமல் செய்துவிட்டுத்தான் இந்தப் பாடு படுகிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன் கேள்.

போன மாதம் அவருக்கு அது மறுபடி வந்தது. இரண்டு நாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. இரண்டாம் நாளே அட்டைப்பெட்டி கம்பெனியிலிருந்து போன், நோய்க்கு ஆதாரம் வேண்டும், இல்லையென்றால் சொல்லாமல் நின்றதாக எழுதுவோம் என்றார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அப்பாவோடு வேலை பார்க்கிற ஒருவர், எதற்கெடுத்தாலும் சட்டம் பேசுவதால் ரூல்ஸ் என்று பெயர் வாங்கியவர், பதறாதீங்கக்கா, எங்க கம்பெனியில மூணு நாள் வரைக்கும் கையால எழுதின லெட்டரே போதும், மிஞ்சிப்போனா டாக்டர்கிட்ட ஒரு சீட்டு, என்ன வியாதின்னு கேக்க அவங்களுக்கு உரிமை கிடையாது என்று படித்துப் படித்துச் சொன்னார். என் மண்டையில் ஏறினால்தானே. காய்ச்சலும் இல்லை காயமும் இல்லை, வெறும் சீட்டைக் காட்டினால் பொய் லீவு என்பார்களே, என் வீட்டுக்காரர் பொய் சொல்கிறவர் இல்லை என்று காட்ட வேண்டும் என்று, ஆஸ்பத்திரி ஃபைலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அப்படியே பையில் போட்டுக்கொண்டு போய் மேனேஜர் மேசையில் வைத்தேன். அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். எத்தனை வருஷமா இருக்கு, எப்படி இருப்பார், கோபம் வருமா என்றெல்லாம் கேட்டார். பொறுமையாகக் கேட்கிறாரே, நல்ல மனுஷன் என்று நானும் உட்கார்ந்து கதை சொல்வதுபோல் சொன்னேன். நகல் எடுத்துக்கொண்டு ஃபைலைத் திருப்பிக் கொடுத்தபோது நன்றி வேறு சொன்னேன். என் புத்தியை என்னவென்று சொல்ல.

அப்பா வேலைக்குத் திரும்பிய அன்று அவருடைய வெட்டும் மெஷினில் வேறொருவர் நின்றார். பாதுகாப்புக்காகத்தான் என்று சொல்லி இவரைப் பெட்டிகளைக் கயிற்றால் கட்டுகிற இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். பதினெட்டு வருடம் அந்த மெஷினில் ஒரு விரல்கூடக் கீறிக்கொள்ளாதவர். இப்போது கயிறு வெட்டுகிற கத்தியைக்கூட அவர் கையில் தருவதில்லை. ஒவ்வொரு கட்டுக்கும் பக்கத்து மேசைப் பெண்ணைக் கூப்பிட வேண்டும், அவள் வந்து வெட்டிவிட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். இதை ஒரே ஒரு தடவை சொன்னார், அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார். திட்டினாலாவது தேவலை. போட்டதைச் சாப்பிடுகிறார், தட்டைக் கழுவி வைக்கிறார், போய்ப் படுத்துக்கொள்கிறார்.

ரூல்ஸ் வீட்டுக்கே வந்து, தொழிலாளர் ஆபீஸில் புகார் கொடுக்கலாம், நகலையும் திரும்பக் கேட்கலாம், மெஷினையும் கேட்கலாம் என்றார். அப்பா முடியாது என்றுவிட்டார். அதற்காக இன்னும் நாலு பேர் முன்னால் நின்று அதையே சொல்ல வேண்டுமே, என்னால் ஆகாது என்றார். நான் எந்த முகத்தோடு அவரை வற்புறுத்துவது.

அதனால் நீ முதலில் டாக்டரிடம் போ. அவரிடம் ஒன்றுவிடாமல் சொல், அழுகை வந்தால் அழு. ஆபீஸுக்கு, இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை வேலை செய்ய முடியாது என்கிற ஒற்றைச் சீட்டு மட்டும் போதும். என்ன வியாதி என்று கேட்டால், எந்த விதிப்படி கேட்கிறீர்கள், எழுத்தில் கொடுங்கள் என்று கேள். அங்கே சட்டம் எப்படியோ, அதையும் விசாரித்து வைத்துக்கொள். யாராவது பொறுமையாக விசாரித்தால் உன் அம்மாவைப் போல வாயைத் திறந்துவிடாதே.

இதுவரை எழுதும்போதே அப்பா வேலை முடிந்து வந்துவிட்டார். மறைக்க மனசு வரவில்லை, உன் கடிதத்தையும் இதையும் சேர்த்து அவர் முன்னால் வைத்தேன். உன்னுடையதை இரண்டு முறை படித்தார். கத்தப் போகிறார் என்று நின்றிருந்தேன். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, டாக்டர் குடும்பத்துல யாருக்காவது இருக்கான்னு கேப்பாரு, தயங்காம எங்க அப்பாவுக்கு இருக்குன்னு சொல்லச் சொல்லு, என் பேரையும் சொல்லச் சொல்லு என்றார். பதினோரு நாளில் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

நீ தேறி எழுந்து நாலு பேரைப்போல நடமாட வேண்டும், எங்கள் இரண்டு பேருடைய ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. டாக்டரைப் பார்த்த அன்றே இரண்டு வரி எழுது, மறக்காதே. உறைமேல் என் பெயர் வேண்டாம், அப்பா பெயரைப் போடு. அவரே பிரித்துப் படிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா