உறவு என்ற கட்டம்

ஆனி 9, வெள்ளி.

எழுத்தறியாத வீட்டுப் பிள்ளைகளுக்குப் பொறுப்பாளர் வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள். ஒப்புக்கொண்டேன். கோவிந்தன் மகள் மல்லிகாவை என்னிடம் விடுவார்கள் என்று தெரிந்திருந்தால் முடியாது என்றிருப்பேன். கூலி உயர்வு கேட்டு நாங்கள் அறுப்பை நிறுத்தியபோது, பண்ணையாருக்கு வெளியூர் ஆள் சேர்த்து அறுத்துக் கொடுத்தவன் அவன்.

இன்று மாலை அவள் விடுதி விண்ணப்பத்தோடு வந்தாள். நாளை கடைசி நாள். இடம் கிடைக்காவிட்டால் அவள் படிப்பு நின்றுவிடும்.

"ஒரு கையெழுத்துப் போடுங்கய்யா."

"முழுசும் வாசி. அப்ப வாசிக்கத் தெரியாம கைநாட்டு வச்சுத்தான் என் குத்தகை நெலம் போச்சு. அதுக்கப்புறந்தான் எழுத்தே கத்துக்கிட்டேன்."

"கையெழுத்துதானே கேட்டேன், காணியவா எழுதிக் கேட்டேன்?"

முணுமுணுத்தாலும் ஒரு வரி விடாமல் வாசித்தாள். 'பொறுப்பாளரின் உறவு' என்ற கட்டத்தில் நின்றாள்.

"இங்க என்ன எழுதறது? எங்கப்பா பேரச் சொன்னாலே மொறைக்கிறீங்க."

"உங்கப்பன் எனக்கு ஒண்ணுமில்ல."

"அப்ப நான்?"

பேனாவை வாங்கி 'பெரியப்பா' என்று நானே எழுதிக் கையெழுத்திட்டேன். அவள் சிரித்துவிட்டாள்.

"அப்படின்னா எங்கப்பா உங்களுக்குத் தம்பியா?"

மை காய்ந்துவிட்டது. அடித்தால் விண்ணப்பம் செல்லாது.

நாளை முதல் பஸ்ஸில் கும்பகோணம் போய் விடுதியில் நேரிலேயே கொடுக்கிறோம். கோவிந்தனையும் வரச் சொல்லிவிட்டேன். அவன் வேறு சீட்டில் உட்காரட்டும்.