உப்புக் காணுமோ என்று கேட்டவனுக்கு

நகருக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் மகள் வாங்கிய புது வீட்டின் குசினி யன்னலில் ஒரு சின்னச் சாடி இருக்கிறது. அதில் ரோஸ்மேரி வளர்க்கிறாள். நேற்று அவள் தேநீர் ஊற்றும்வரை பக்கத்தில் நின்றவன், ஒன்றும் யோசிக்காமல் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்துவிட்டேன். பிறகு தேநீரைக் குடிக்காமல் அப்படியே வைத்துவிட்டேன். "என்னப்பா, சீனி கூடவோ?" என்று கேட்டாள். ஓம் என்று சொல்லிவைத்தேன்.

அது உன்னுடைய விரல்களின் மணம், மச்சான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஊரைவிட்டு இந்தக் குளிர் நாட்டுக்கு வந்த புதிதில், வெக்ஸ்போர்ட்டில் நாங்கள் இருவரும் ஓர் அறையில் இருந்தபோது, வேலையால் வந்து நீ இரண்டு தரம் குளித்தாலும் அது போகாது. "சவுக்காரம் முடியுது, மணம் முடியேல்லை" என்பாய்.

உன்னுடைய வேலை நகரின் நடுவில், ஒரு யப்பானியர் நடத்திய சின்ன மாட்டிறைச்சி உணவகத்தில். எட்டு முக்காலி, மூன்று மேசை. அந்த மனிதர் இளமையில் சில வருடங்கள் இத்தாலியில் சமைத்தவர். அதனால் அவருடைய அடுப்படியில் சோயா சோஸ் போத்தலுக்குப் பக்கத்தில் ஒலிவ் எண்ணெய் நின்றது. கரியடுப்புக்கு மேலே ரோஸ்மேரிக் கொத்து தொங்கியது. கோப்பை கழுவப் போன நீ, ஒரு வருடத்துக்குள் அவருடைய கத்தியைக் கையில் வாங்கிவிட்டாய். பச்சை இறைச்சியைக் கடதாசிபோலச் சீவ உன்னைவிட்டால் ஆளில்லை என்று அவரே என்னிடம் சொன்னார்.

நீயோ முட்டைகூடத் தொடாத சைவக்காரன். "வெட்டுறது கை, தின்னுறது வாய். ரெண்டையும் ஏன் மச்சான் முடிச்சுப்போடுறாய்?" என்று என்னைக் கேட்பாய். நீ ருசிபார்க்கமாட்டாய் என்பதை முதலாளி குறையாக எடுக்கவில்லை. நீ கரண்டியை நீட்டுவாய். அவர் ருசித்துவிட்டு ஒரு விரலைக் காட்டினால் உப்புப் போதாது, இரண்டு விரலென்றால் எலுமிச்சை போதாது, தலையை ஆட்டினால் தட்டில் போடலாம். அதைவிட உங்கள் இருவருக்கும் இடையில் பெரிதாகப் பேச்சு இருந்ததில்லை.

ஒரு வியாழக்கிழமை பின்னேரம், கடை திறந்தவுடன் என்னை வரச்சொன்னாய். "நீ வேதக்காரன், உனக்கென்ன பயம்? வந்து தின்னு." தேவாலயத்துக்குப் போகிற நான் தயங்காமல் முக்காலியில் ஏறி இருந்தேன். முதலில், ஓரம் மட்டும் சுட்டு நடு பச்சையாக விட்ட இறைச்சிச் சீவல். மேலே சோயாவும் எலுமிச்சையும், துருவிய சீஸும். பிறகு சிவப்பு வைனில் மணிக்கணக்காக வேகவைத்த இறைச்சியோடு இத்தாலியரின் அகலமான பாஸ்ரா. நான் பத்திரிகைக்காரன்; குறிப்புப் புத்தகத்தை எடுத்தேன்.

"உந்தப் புத்தகத்தை உள்ளை வை. சாப்பிட வந்தனியோ, எழுத வந்தனியோ?"

"ரெண்டுக்கும்தான்."

"அப்ப என்ரை பேர் போடாதை."

"போடமாட்டன்."

"சத்தியமா?"

"உன்ரை கத்தியாணை."

நீ சிரித்தாய். முதலாளி அப்போது மேசைப் பக்கம் ஒரு குடும்பத்தோடு பேசிக்கொண்டு நின்றார். அடுப்பில் அடுத்த சட்டி தயாராகிவிட்டது. நீ அவரைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். கரண்டி என் பக்கம் நீண்டது.

"உப்புக் காணுமோ? பொய் சொல்லக்கூடாது."

"காணும்."

உப்புப் போதும் என்று நான் சொன்னதை நம்பி, நாலு தட்டில் ஊற்றி அனுப்பினாய்.

அடுத்த கிழமை எங்கள் வாரப் பத்திரிகையில் கட்டுரை வந்தது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன். உன் பெயர் இல்லை, கடையின் பெயர் இல்லை, தெருவின் பெயரும் இல்லை. கடைசி வரி மட்டும் இது: "இந்த இறைச்சியை இவ்வளவு மெல்லிதாகச் சீவுகிற கைதான் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் அன்னதானத்துக்குப் போஞ்சிக்காயும் அரிகிறது." அந்த வரிக்காக ஒரு முழு இரவு யோசித்திருந்தேன். ஆசிரியர் தோளில் தட்டினார். நீயும் வாசித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கிறாய்" என்றாய்.

தைப்பொங்கல் செய்திக்காகக் கோயிலுக்கு வந்தேன். அப்போது கோயில் ஒரு பழைய பண்டகசாலைக்குள் இருந்தது. வெளியே கார் விடும் இடத்தில், மொத்தமான கோட்டும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு ஒருவன் கைகாட்டி நின்றான். கிட்ட வந்த பிறகுதான் நீ என்று தெரிந்தது.

"உந்தப் பக்கம் விடு மச்சான். அங்காலை ஐஸ், சறுக்கும்."

"நீயென்ன வெளியிலை? குசினியிலை ஆர்?"

"உள்ளை ஆக்கள் கூட. இஞ்சை ஆளில்லை."

நான் நம்பினேன். ஒருவர் பதில் சொன்னால் அதற்கு மேல் இன்னொரு கேள்வி கேட்பதுதான் என் தொழில். அமைச்சரிடம் கேட்டிருக்கிறேன், பொலிஸ்காரரிடம் கேட்டிருக்கிறேன். உன்னிடம் கேட்கவில்லை. உள்ளே போய் சூடான பொங்கல் சாப்பிட்டேன், படம் எடுத்தேன், போய்விட்டேன். அதற்குப் பிறகும் பல ஞாயிறுகள் உன்னை அந்தப் பனிக்குள் கண்டிருக்கிறேன். கையசைத்துவிட்டுப் போயிருக்கிறேன்.

கலியாணமாகி நான் மோர்னிங்சைட் பக்கம் போய்விட்டேன். முதலாளி உடம்புக்கு ஏலாமல் போய் உணவகத்தைப் பூட்டினார். நீ ஒரு தொழிற்சாலைக்குப் போனாய், உனக்கும் கலியாணமாகியது. எங்கள் பேச்சு வருடத்துக்கு இரண்டு தொலைபேசி அழைப்பாகச் சுருங்கியது.

போன மாசியில் உன் உடலைப் பார்வைக்கு வைத்திருந்த மண்டபத்தில் உன் மனைவிக்குப் பக்கத்தில் இருந்தேன். ஆட்கள் குறைந்த நேரத்தில் அவர் மெல்லச் சொன்னார்: "அண்ணை, குறை நினைக்காதேங்கோ. உங்கடை பேப்பரிலை அது வந்த கிழமைதான் இவரைக் குசினிக்குள்ளை வரவேண்டாமெண்டு சொன்னவை. போஞ்சிக்காய் வெட்டுறது ஆரெண்டு கோயிலிலை எல்லாருக்கும் தெரியுந்தானே. உங்களுக்குச் சொல்லக்கூடாதெண்டு என்னை மறிச்சுப்போட்டார்."

"பிறகு ஒருநாளும் கூப்பிடேல்லையோ?"

"இல்லை. கடைசிமட்டும் வெளியிலை நிண்டு கார்தான் பாத்தவர்."

அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்க எனக்கு இவ்வளவு காலம் எடுத்தது. கேட்டபோது பதில் சொல்ல நீ இல்லை.

மாட்டிறைச்சி எனக்கு வெறும் சாப்பாடு. உனக்கு அது ஒவ்வொரு ஞாயிறும் குளித்துக் கழுவிவிட்டுத் தாண்டவேண்டிய வாசல். அந்த வாசலைப் பற்றி நீ யாரிடமும் பேசியதில்லை. பெயரை மறைத்தால் ஆளை மறைத்ததாகிவிடும் என்று நினைத்தேன். நீ ருசிக்கு என் நாக்கை நம்பினாய், மற்றதற்கு என் வாக்கை நம்பினாய்.

இப்போதும் எழுதுகிறேன். பெயர் போடவேண்டாம் என்று யாராவது சொன்னால், "வேறை எதைப் போடக்கூடாது?" என்று கேட்ட பிறகுதான் பேனாவைத் திறக்கிறேன். உன்னிடம் கேட்டிருக்கவேண்டியது அதுதான்.

நேற்று வீட்டுக்கு வந்ததும் அந்தப் பழைய பத்திரிகைத் துண்டைத் தேடி எடுத்தேன். விரலில் இன்னும் இலையின் மணம் இருந்தது. கடைசி வரியைக் கையால் மறைத்துக்கொண்டு தொடக்கத்திலிருந்து வாசித்தேன். கட்டுரையில் ஒன்றும் குறையவில்லை.