நூற்றுத் தொண்ணூற்றெட்டு

மூக்கண்டப்பள்ளி, ஓசூர்
ஜூலை 1989

அன்புள்ள அப்பாவுக்கு, அற்புதராஜ் ஸ்தோத்திரத்துடன் எழுதுவது. உங்கள் மூட்டுவலி குறைந்ததா? நான் நலம்.

கம்பெனி சைக்கிள் அணியில் எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. அணியில் இருப்பவர்களுக்கு வேலை நிரந்தரம். இது என் அறைத்தோழன் நூருல்லாவின் இடம்.

இருநூற்றிருபதில் வயதைக் கழித்தால் இதயத்தின் உச்சத் துடிப்பு என்பது கோச்சின் கணக்கு. சானமாவு ஏற்றத்தில் மிதிக்க வைத்து, கழுத்தில் விரல் வைத்து எண்ணுவார். நூருல்லாவுக்குச் சான்றிதழில் இருபத்திரண்டு.

“நூத்தித் தொண்ணூத்தெட்டு வரணும்டா. நூத்தி எண்பத்தஞ்சுலயே நிக்குது. மிச்சத்தப் பொண்டாட்டிக்கு வெச்சிருக்கியா?”

ஓரமாய் நின்று பார்த்த நாங்கள் எல்லோரும் சிரித்தோம். பள்ளியில் சேர்த்தபோது அவன் வயதில் ஆறு வருடம் குறைத்திருந்தார்கள். சொன்னால் வேலை போகும்.

“சார், அது சராசரிதான். ஆளுக்கு ஆள் மாறும்” என்றேன்.

“படிச்சவரே, அவனுக்குப் பதிலா நீங்க மிதிக்கிறீங்களா?”

மறுபடி ஏறியபோது நூருல்லா விழுந்தான். வெறும் மயக்கம்தான், பயப்படாதீர்கள். இனி சைக்கிளே ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அவன் பனியனைத் துவைக்காமலே எனக்குக் கொடுத்தார்கள்.

சின்னப் பாத்திரம் ஒன்று அனுப்புங்கள். பெரியதில் ஒருவனுக்குச் சமைத்தால் சோறு மீந்துபோகிறது.

இன்னொன்று. என் வயதில் எத்தனை குறைத்தீர்கள்? கார்டில் எழுத வேண்டாம், இங்கே எல்லோரும் படிப்பார்கள். கவரில் எழுதுங்கள். கோச்சிடம் சொல்லமாட்டேன். எதுவரை மிதிக்கலாம் என்று எனக்குத் தெரிந்தால் போதும். அதற்கு மேலும் மிதிப்பேன்.

கம்பெனி பஸ் வந்துவிட்டது.

அற்புதராஜ்