கதவில் தொங்கும் கயிறு

கோபித்துக்கொண்டு போனவளுக்கு,

எனக்குத் தலையே சுற்றுகிறது. என் தோளில் அறுந்த தசைநாரைத் தைத்த டாக்டர், நான் சேர்ந்திருந்த ஊசி மருந்து ஆய்வு முடிந்ததென்று இன்று கூப்பிட்டார்.

"எல்லார்கிட்டயும் ரத்தம் எடுத்தோம். யாருக்கு ஊசின்னு அப்போ சொல்லல. அந்த ரத்தத்துலேர்ந்து பிரிச்ச பிளேட்லெட் ஊசிய உங்களுக்குப் போடல. போட்டவங்களுக்கும் பெருசா வித்தியாசம் தெரியல."

"அப்புறம் எப்படி டாக்டர் நான் சீலிங்குக்கு பெயின்ட் அடிக்கிறேன்?"

"வீட்டுல தினமும் பயிற்சி கொடுத்தது யாரு?"

நீதான். "என் ரத்தமே என்னைக் குணமாக்கிடுச்சு, உன் கயிறு இல்ல" என்று நான் கத்தியபோதுதானே நீ பெட்டியைத் தூக்கினாய்?

கையைத் தூக்கிப் பழக நீ கதவில் கட்டிய கயிறு அப்படியே தொங்குகிறது. வீட்டுக்கு வந்ததும் இழுத்துப் பார்த்தேன். கை மேலே போகிறது. "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று அதட்டத்தான் ஆளில்லை.

உன் பெயின்டர்