கிறிஸ்டி முதல்ல போட்ட காலேஜ்

மஸ்கட்

அன்புள்ள ஜெஸிக்கு,

கர்த்தர் கிருபையால சுகமா இருக்கேன். உன் முட்டுவலி எப்படி இருக்கு? ஃபோன்ல சொல்ல வாய் வரலை. அதான் லீவுக்கு வருத கடையநல்லூர் மைதீன் அண்ணாச்சிகிட்ட இதைக் கொடுத்து விடுதேன்.

சைட்டுக்குப் புது இன்ஜினியரா வீரகேரளம்புதூர் பிள்ளை ஒண்ணு வந்திருக்கு. வந்த வாரமே நான் கட்டின கம்பியில தப்பு கண்டுபிடிச்சு, அவுத்துக் கட்டச் சொல்லிருச்சு. சிரிப்புதான், போ. நீ எங்க படிச்சம்மான்னு கேட்டேன்.

"திருநெல்வேலி கவர்மெண்ட் காலேஜ், மாமா. அந்த ஃபீஸுதான் எங்க அப்பாவால முடிஞ்சுது. ஆனா வாத்தியார்மாரு பிழிஞ்செடுத்துருவாங்க."

நம்ம கிறிஸ்டியும் கவுன்சிலிங்ல அதைத்தான் முதல்ல போட்டிருந்தா. அப்போ நான் லீவுல ஊர்ல இருந்தேன், ஓடிபி என் ஃபோனுக்கு வந்துச்சு. கவர்மெண்ட்ல எவன் பாடம் நடத்துதான்னு, வாசலுக்கே பஸ் வருத பிரைவேட் காலேஜை மேல ஏத்தி லாக் பண்ணிட்டேன். உனக்கும் தெரியாது. கேட்டது கிடைக்கலைன்னு அவ அழுதப்போ குற்றாலத்துல புரோட்டா வாங்கிக் கொடுத்துத் தேத்தினேன்.

அண்ணாச்சி திரும்பும்போது நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்து விடு. வண்டிக்காரன் ஹாரன் அடிக்கான், முடிக்கேன். கிறிஸ்டிகிட்ட நீயே சொல்லிரு, எனக்குத் துணிச்சல் இல்ல. மார்க் பத்தலைன்னே இன்னும் நம்புதா. அந்தக் காலேஜ் கட்-ஆஃப் வந்த அன்னைக்கே நான் பார்த்துட்டேன், ஜெஸி. தாராளமாப் பத்தும்.

ஜெபசிங்